தென்னையின் சத்துரு கடல் கடந்த வரலாறு

தென்னையின் உச்சியில் புதிதாக விரிந்த ஓலை, நடு மட்டையின் இரு பக்கமும் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கிவிட்டது போன்ற ஒழுங்கோடு அறுபட்டு நிற்பதைக் காண்பவர், அந்தச் சேதம் நேற்றோ முந்தாநாளோ நேர்ந்ததென்று எண்ணிவிடலாகாது. வண்டு வந்து போய்ச் சில வாரங்களாகியிருக்கும். சில மரங்களில் மாதங்களே கழிந்திருக்கும். அது குடைந்த இரவில் அந்த ஓலை இன்னும் ஓலையாகவில்லை. வெளிறிய நிறத்தில், மடிப்பின்மேல் மடிப்பாக இறுகி, குருத்துக்குள்ளே ஒடுங்கிக் கிடந்தது. அந்த மடிப்புகளை ஊடுருவிச் சென்ற ஒரே துளைதான், குருத்து நாளடைவில் வெளிப்பட்டு விரிந்தபோது இரு பக்கமும் சமமாக அமைந்த முக்கோண வெட்டுகளாக நமக்குக் காட்சியளிக்கிறது. ஆகவே வெட்டுப்பட்ட ஓலையைக் கண்டு மரத்தில் ஏறுகிறவனுக்கு, அந்த ஓலையை வெட்டிய வண்டு அகப்படுவது அபூர்வம்.

காண்டாமிருக வண்டு என்று விவசாய நூல்கள் பெயரிடும் இந்தப் பிராணி, பாரத தேசமும் இலங்கையும் தொடங்கிக் கிழக்கே பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை பரந்த பிரதேசத்தைப் பூர்விகமாகக் கொண்டது. சுமார் ஒன்றரை அங்குல நீளம். கருமையும் பழுப்பும் கலந்து மினுங்கும் உடல். தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு, அதுவும் ஆணுக்கு நீண்டும் பெண்ணுக்குக் குறுகியும் இருக்கும். பெண் வண்டின் வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருப்பது அதை இனங்காண உதவும் மற்றோர் அடையாளம். இதன் வாழ்க்கையில் நம் கவனத்திற்கு முதன்மையாக உரிய அம்சம் ஒன்றுண்டு. மரத்தைத் தாக்குவது வளர்ந்த வண்டு மட்டுமே. புழு ஒருபோதும் பச்சை மரத்தைத் தொடுவதில்லை. வண்டு முட்டையிடுவது மடிந்து மக்கும் தென்னந்தண்டிலும், எருக்குழியிலும், மரத்தூள் குவியலிலும், இலை தழை அழுகும் மேடுகளிலுமே. அங்கே பிறந்த வெண்மையான பருத்த புழு, உடலை வளைத்துச் சுருண்டபடி, அந்த மக்கலையே உண்டு மாதக்கணக்கில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, இரவில் எழுந்து பறந்து உயிருள்ள மரத்தின் உச்சிக்குச் செல்கிறது. உயிரோடிருக்கும் மரத்தில் அதற்கு உணவு, செத்த மரத்தில் அதற்குச் சந்ததி என்பது இயற்கை வகுத்த ஏற்பாடு. இவ்வண்டைப் பற்றிய நூறாண்டுச் சரித்திரம் முழுவதும், மனிதர் முதலாவதை எப்போதும் கண்டும் இரண்டாவதை அடிக்கடி மறந்தும் வந்ததன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அது பூர்விகமாக வாழும் நாடுகளில் குடியானவனுக்கு இதனோடு நெடுநாளைய பழக்கமுண்டு. தேங்காய் பறிக்க ஏறும் மரமேறி, பாளைகளை ஒதுக்கி, மேல் மட்டைகளின் இடுக்கில் கண்ணோட்டுகிறான். அங்கே ஒரு துளையும், துளை வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை ஈரத்தோடு பிதுங்கியும் இருந்தால், வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். சக்கை உலர்ந்து பழுப்பேறியிருந்தால் அது போய்விட்டது. ஈரச் சக்கையைக் கண்டவன் இடுப்பிலிருந்து கொக்கி வைத்த கம்பியை எடுத்துத் துளைக்குள் மெல்லச் செலுத்தி, உள்ளே தடை தட்டியதும் ஒரு திருகுத் திருகி இழுக்கிறான். கொம்போடு வண்டு குத்துப்பட்டு வெளியே வருகிறது. பின்பு மணலோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து, உச்சியிலுள்ள மூன்று மட்டைகளின் இடுக்கில் இட்டு நிரப்பிவிட்டு இறங்குவான். தோப்பில் ஆமணக்குப் புண்ணாக்கை நீரில் ஊறவைத்த பானைகளை ஆங்காங்கே வைத்து, அந்தப் புளித்த வாடைக்கு வந்து விழும் வண்டுகளைப் பொறுக்கி அழிக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இந்த ஜாக்கிரதை ஒரு வண்டைக் கொல்வதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. கொம்பு வண்டு செய்த காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன் வண்டு வந்து முட்டையிடும், அதன் புழுவோ உயிருள்ள தண்டையே உள்ளே தின்று மரத்தைச் சாய்த்துவிடும் என்பதனாலும் ஏற்பட்டது.

இவ்வளவு பரிச்சயமான ஒரு பூச்சி, தன் தேசத்தில் தொல்லையாக மட்டும் இருந்த ஒன்று, வேறொரு சமுத்திரத்தின் நடுவே சர்வநாசமாக மாறிய கதையின் தொடக்கம் தென்னையிலன்று, ரப்பரில் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டனுக்கு அருகே கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. காப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பின்பு மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பரின் விலை ஏறத் தொடங்கியபோது, இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகள் உஷ்ண மண்டலத்தின் பல தோட்டங்களுக்கும் கப்பலேறின. 1910-இல் அந்த விலை உச்சத்தைத் தொட்டது. அதற்கு முந்திய ஆண்டு, பசிபிக் சமுத்திரத்தில் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த சமோவாத் தீவுகளுக்குச் சென்ற இலங்கை ரப்பர் நாற்றுகளோடு இவ்வண்டும் சென்றது.

பறந்து சென்றிருக்க இயலாது என்பதை வரைபடத்தை ஒரு முறை பார்த்தவரும் அறிவர். ஆயினும் மக்கிய மண்ணில் மாதக்கணக்கில் மறைந்து வளரும் ஒரு புழுவுக்கு, கப்பல் யாத்திரையின் சில வாரங்கள் ஒரு பொருட்டன்று. நாற்றின் வேரைச் சுற்றியிருந்த மண்ணும் மக்கலும் அதற்கு உணவாகவும் உறைவிடமாகவும் இருந்திருக்கும். அந்நாளில் அம்மண்ணைச் சோதிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தியாவிலேயே வெளிநாட்டுத் தாவரங்களோடு பூச்சிகள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1914-இல்தான் ஏற்பட்டது என்பதை நினைத்தால், இதை ஒரு தோட்டக்காரரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட மனம் ஒப்பவில்லை. அக்காலத்து வியாபாரம் முழுவதற்கும் இருந்த குருட்டுத்தனம் அது.

சமோவாவில் தென்னை என்பது தோட்டப் பயிர் மட்டுமன்று. உண்ணவும், பருகவும், கூரை வேயவும், கயிறு திரிக்கவும் அம்மக்கள் நம்பியிருந்த மரம் அது. 1857-இல் ஹாம்பர்க் நகரத்து கோடெஃப்ராய் வணிகக் குடும்பத்தார் ஆப்பியாத் துறைமுகத்தில் நிலையூன்றிய பிறகு, உலர்ந்த கொப்பரை ஐரோப்பாவிற்கு எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறும் சரக்காயிற்று. 1900-இல் ஜெர்மனி மேற்குச் சமோவாவைத் தன்னுடைமையாக்கிக்கொண்டபோது முதல் கவர்னராக வந்த வில்ஹெல்ம் ஸோல்ஃப், நிலமுடைய சமோவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 50 தென்னை நட வேண்டுமென்று உத்தரவிட்டார். இவ்வாறு கிராமமும் சர்க்காரும் வியாபாரமும் ஒரே மரத்தைச் சார்ந்து நின்ற ஒரு நாட்டில், அதே மரத்தின் உச்சியைத் தேடும் வண்டு வந்திறங்கிற்று.

ஓரிரு ஆண்டுகளுக்குள் உபோலு தீவின் தோப்புகளில் சேதம் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கியது. 1912-இல் அது அண்டையிலுள்ள அமெரிக்க சமோவாவையும் எட்டிவிட்டது. குருத்தின் அடிப்பாகத்தில் வளர்நுனி என்னும் ஒரு சிறு பகுதி உண்டு. தென்னைக்கு உயிர்நிலை அது ஒன்றே. ஓலை அறுபட்ட மரம் காய்ப்புக் குறைந்தாவது பிழைக்கும். வளர்நுனி குடையப்பட்ட மரமோ கிளை விட்டுத் தப்பும் வழியின்றி நின்றபடியே பட்டுப்போகும். அப்படிப் பட்டுப்போன மரத்தின் தண்டே அடுத்த தலைமுறை வண்டுகளுக்குப் பிறப்பிடமாயிற்று. ஒரு மரத்தின் சாவு பக்கத்திலிருக்கும் பல மரங்களின் சாவுக்கு வித்தாகும் இந்தச் சுழற்சி, வண்டைப் பார்த்திராத அம்மக்களுக்கு எவ்வளவு திகைப்பை உண்டாக்கியிருக்கும் என்பதைத் தென்னை வளர்க்கும் எந்தக் குடும்பத்தாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜெர்மானிய சர்க்கார் காலம் தாழ்த்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டையும் புழுவையும் தேடிப் பிடித்துக் கொடுப்பது கிராமத்தார் கடமையாக்கப்பட்டது. மட்கும் தண்டுகளையும் குப்பைகளையும் எரிக்கவோ புதைக்கவோ உத்தரவாயிற்று. கார்ல் ஃப்ரீடெரிக்ஸ் என்ற பூச்சியியல் அறிஞர் அங்கு வந்து ஆராய்ந்து, 1913-இல் வெளியிட்ட அறிக்கையில், புழுக்களின் உடலில் பச்சை நிறமாகப் படர்ந்து அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூசணத்தைப் பயன்படுத்தும் உபாயத்தை விவரித்தார். மக்கலைக் குவித்து, வண்டுகளை அங்கு முட்டையிட வரச்செய்து, அதே குவியலில் பூசணத்தைக் கலந்து வைப்பது அவருடைய முறை. நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் விவசாயப் பல்கலைக்கழகங்களும் எருக்குழிகளுக்கு இதே பூசணத்தைச் சிபாரிசு செய்கின்றன. ஆயினும் ஒரு தீவு முழுவதையும் குவியல் குவியலாகக் காப்பாற்ற இயலவில்லை. வண்டுக்கு வேண்டிய செத்த மரம், அதிகாரிகளின் பார்வை எட்டாத காடுகளிலும் வேண்டிய அளவு கிடந்தது.

1914 ஆகஸ்டு 29-ஆம் தேதி நியூஸிலாந்துப் படைகள் ஆப்பியாவில் இறங்கி, ஜெர்மானிய ஆட்சி முடிவடைந்தது. கொடி மாறியதேயன்றி வண்டு தேடும் கட்டளை மாறவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் தோப்புக்குச் சென்று மட்கிய தண்டுகளைப் பிளந்து புழு பொறுக்கும் வேலை, வருஷம் தவறாமல் நடந்தது. இதை நினைக்கும்போது ஒரு நியாயக் கேள்வி எழாமலிருக்க முடியாது. ரப்பர் வேண்டுமென்று விரும்பியவர்கள் அம்மக்கள் அல்லர். நாற்றுப் பெட்டியைத் திறந்து இறக்கியவர்களும் அவர்கள் அல்லர். பிறருடைய லாபத்திற்காக வந்த நாற்றோடு வந்த சத்துருவைக் கூலியின்றித் தேடிக் கொல்லும் பொறுப்பு மட்டும் அவர்களுடையதாயிற்று. தங்கள் மரங்களைத் தாங்கள் காப்பாற்றிக்கொள்வதில் அவர்களுக்கும் நன்மை உண்டுதான். ஆனால் தானாக முன்வந்து செய்யும் காரியத்திற்கும், தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் காரியத்திற்கும் உள்ள வித்தியாசத்தை மனித சுபாவம் அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அந்த வித்தியாசம் 1920-களின் இறுதியில் வெளிப்பட்டது. 1927-இல் உருவெடுத்த மவ் என்னும் இயக்கம், சமோவரின் தன்னாட்சியை வேண்டி அகிம்சை வழியில் அரசாங்கத்தோடு ஒத்துழைக்க மறுத்தது. வரி கொடுக்க மறுத்ததும் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை நிறுத்தியதும் போலவே, வண்டு பொறுக்கும் வேலையையும் மக்கள் கைவிட்டார்கள். காந்தியடிகளின் ஒத்துழையாமையை அனுபவத்தால் அறிந்த நம்மவருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1929 டிசம்பர் 28-ஆம் தேதி ஆப்பியா வீதியில் அமைதியாகச் சென்ற ஊர்வலத்தின்மேல் போலீசார் சுட்டதில், இயக்கத்தின் தலைவரான உயர்குடிப் பிரமுகர் தூப்புவா தமசேசே லியலோஃபி உயிர் நீத்தார். பூச்சி ஒழிப்பு என்னும் நல்ல காரியம்கூட, அதிகாரத்தின் கருவியாக மக்களுக்குத் தோன்றிவிட்டால் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் விவசாய சரித்திரத்தில் வேறிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இக்கால அளவிலேயே, சமோவாவுக்குத் தெற்கே டோங்கா ராஜ்யத்தைச் சேர்ந்த நியுவாடோபுடாபு என்னும் சிறு தீவில் இதற்கு நேர்மாறான சம்பவம் நடந்தது. 1921-இல் அங்கு வண்டு காணப்பட்டது. இடைவிடாமல் தேடியும், அது இனவிருத்தி செய்யும் இடங்களையெல்லாம் அழித்தும், 1930-க்குள் அதை அடியோடு ஒழித்துவிட்டார்கள். தீவு சிறியது, வண்டு வந்த காலம் புதிது, மறைவிடங்கள் கைக்கு எட்டுவன. பெருந்தீவு ஒன்றிலும் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. 1931-இல் வாலிஸ் தீவுக்கு வண்டு சென்றது.

பிறகு மகாயுத்தம் வந்தது. 1942 வாக்கில் பலாவு தீவுகளிலும், ஜப்பானியரின் பெருந்தளமாகிய ரபவுல் அமைந்த நியூ பிரிட்டன் தீவிலும் வண்டு நுழைந்தது. யுத்த காலத்துக் கப்பல்கள் எதை ஏற்றி எங்கே இறக்குகின்றன என்று யார் கணக்கெடுப்பது? குண்டு வீச்சில் முறிந்து சாய்ந்த ஆயிரக்கணக்கான தென்னைகள் அப்புறப்படுத்துவாரின்றி அங்கங்கே கிடந்து மக்கின. பூர்விகப் பகைகளை விட்டு நீங்கி வந்த ஒரு பூச்சிக்கு இதைவிடச் சிறந்த வரவேற்பு அமைந்திருக்காது. ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் பலாவின் தென்னைகளில் பாதி மடிந்தன. அந்நாசத்தை நேரில் ஆராய்ந்த கிரெஸிட் என்ற பூச்சியியல் அறிஞர் 1953-இல் வெளியிட்ட நூல் இன்றைக்கும் படிக்கத் தக்கது. அதே 1953-இல் ஃபிஜித் தீவிலும் வண்டு காணப்பட்டது. 1968-ஆம் ஆண்டில் மட்டும் தென் பசிபிக் தீவுகளுக்கு இவ்வண்டினால் நேர்ந்த நஷ்டம் 11 லட்சம் டாலர் என்று கணிக்கப்பட்டது. கொப்பரையைத் தவிர வேறு வருமானமில்லாத சிற்றூர்களுக்கு அந்தத் தொகை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூர்விகப் பகைகள் என்று மேலே குறித்தேன். வண்டு தன் தேசத்தில் கட்டுக்குள் இருப்பதற்கும் அந்நியத் தீவில் கட்டுக்கடங்காமல் போவதற்கும் காரணம் என்ன என்ற கேள்வி, அறிஞர்களை வெகு காலம் வேலை வாங்கிற்று. முதலில் புழுவைக் கொட்டி அதன்மேல் முட்டையிடும் குளவி ஒன்றை ஆப்பிரிக்காவின் ஜான்சிபாரிலிருந்து தருவித்தார்கள். அது சில தீவுகளில் நிலைத்ததே தவிர வண்டைக் குறைக்கவில்லை. 1960-களின் நடுவில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு தென் பசிபிக் கமிஷன் பெரிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கி, வண்டு முதலில் வந்திறங்கிய ஆப்பியாவிலேயே அதன் தலைமையிடத்தை அமைத்தது.

விடை அதற்குச் சற்று முன்பே மலேயாவில் கிடைத்திருந்தது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்து ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த அலாய்ஸ் ஹூகர் என்பவர், வண்டு பூர்விகமாக வாழும் நாடுகளில் அதற்கு ஏதேனும் வியாதி உண்டா என்று தேடிச் சென்று, 1963-இல் அங்கே நோயுற்ற புழுக்களைக் கண்டார். ஆரோக்கியமான புழுவின் உடல் கொழுப்பு நிறைந்து பால் வெண்மையாக இருக்கும். இந்தப் புழுக்களிலோ கொழுப்பு கரைந்து, வயிற்றுப் பகுதி ஒளி ஊடுருவும்படி தெளிந்து, மக்கலின் ஆழத்தை விட்டு மேற்பரப்புக்கு வந்து மடிந்து கிடந்தன. காரணம் ஒரு வைரஸ் என்பதை நிரூபித்து 1966-இல் அவர் விவரித்தார். 1967-இல் அந்த வைரஸைச் சமோவாவுக்குக் கொண்டுவந்து, நோயுற்ற புழுக்களை அரைத்து மரத்தூள் குவியல்களிலும் மட்கிய தண்டுக் குவியல்களிலும் கலந்து வைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில், வைரஸ் இடப்படாத பகுதிகளிலும் நோய் பரவியிருப்பதையும், புதிதாக விரியும் ஓலைகளில் வெட்டுகள் குறைந்து வருவதையும் அத்திட்டத்தில் பணியாற்றிய மார்ஷல் கண்டு, 1970-இல் உலகுக்கு அறிவித்தார்.

குவியலில் வைத்த நோய் தீவு முழுவதும் பரவியது எவ்வாறு? இதை விளக்கியது ஸெலாஸ்னி என்ற அறிஞரின் பணி. புழு இந்நோயால் விரைவில் சாகிறது. வளர்ந்த வண்டோ உடனே சாவதில்லை, அதன் குடல் வீங்கி வெண்ணிறம் பெற்று வைரஸால் நிறைந்துபோகிறது, உணவு குறைகிறது, முட்டையிடுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஆனாலும் அது இன்னும் சில வாரங்கள் உயிரோடு பறந்து, மரத்துளைகளிலும், இணைசேரும்போதும், முட்டையிடப் போகும் மக்கலிலும் தன் கழிவின் வழியே நோயைச் சிந்திக்கொண்டே செல்கிறது. மனிதர் கண்டுபிடிக்க இயலாத ஒவ்வொரு மட்கிய கட்டையையும் வண்டு தானே கண்டுபிடித்து, அங்கே தன் இனத்திற்கு வியாதியைக் கொண்டு சேர்க்கிறது. அரை நூற்றாண்டு கிராமத்தார் கைகளால் முடியாதது இவ்வாறு முடிந்தது. டோங்கா, ஃபிஜி, வாலிஸ் தீவுகளிலும் 1970-களின் தொடக்கத்தில் இதே சிகிச்சை செய்யப்பட்டது. வண்டு எங்கும் அழிந்துவிடவில்லை. தாங்கத்தக்க அளவுக்கு அடங்கியது. இரசாயன விஷம் ஏதுமின்றி, ஒரு முறை செய்த காரியம் ஆண்டுக்கணக்கில் பலனளித்த இந்த நிகழ்ச்சியைப் பூச்சி ஒழிப்பின் சரித்திரத்தில் மிகவும் உன்னதமான அத்தியாயங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. சென்னை ராஜதானி சர்க்கார் 1916-இல் காசர்கோட்டில் நிறுவிய தென்னை ஆராய்ச்சி நிலையம், 1970-இல் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமாக விரிந்தது. அதன் விஞ்ஞானிகள் கேரளத்து வண்டுகளிடையே இந்த வைரஸ் இயற்கையாகவே இருப்பதை 1980-களின் முற்பகுதியில் கண்டறிந்தார்கள். வைரஸ் இல்லாத லட்சத்தீவுகளில், மினிக்காய்த் தீவில் நோயுற்ற வண்டுகளை அவர்கள் விட்டபோது, சமோவாவில் கண்ட பலன் அங்கும் கிட்டியது. தேசத்தின் கரைக்கு அருகேயுள்ள தீவுகளுக்குக்கூட வண்டு மட்டும் சென்று வியாதி செல்லாமலிருந்தது கவனிக்கத் தக்கது. கடல் கடக்கும் பூச்சி தன் பகைகளைப் பெரும்பாலும் கரையிலேயே விட்டுச் செல்கிறது.

இவ்வளவோடு கதை முடிந்ததென்று முப்பது ஆண்டுகளாக நம்பினார்கள். 2007 செப்டம்பரில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவில் வண்டு காணப்பட்டது. நாய்களைப் பழக்கிப் புழுக்களை மோப்பம் பிடிக்கச் செய்தும், வண்டை ஈர்க்கும் வாசனைப் பொறிகளை மரங்களிடையே தொங்கவிட்டும் ஒழிக்க முயன்று, இயலாமல், பழைய வைரஸைக் கொண்டுவந்தார்கள். இவ்வண்டிடம் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மரபணுவை ஆராய்ந்தபோது, பசிபிக்கில் முன்பு பரவியதினின்று வேறுபட்ட ஒரு வகை இது என்று தெரிந்தது. 2013 டிசம்பரில் ஹவாயின் ஒவாஹு தீவிலும், 2015-இல் சாலமன் தீவுகளின் தலைநகரான ஹொனியாராவிலும் அதே வகை வந்திறங்கிற்று.

2015 மே மாதத்தில் குவாமைத் தாக்கிய டால்ஃபின் என்னும் சூறாவளி, மரங்களை முறித்துத் தள்ளித் தீவெங்கும் மட்கும் குப்பையை நிரப்பிச் சென்றது. அதன்பின் வண்டு பன்மடங்காகப் பெருகி, தென்னைகள் சாரிசாரியாகப் பட்டுப்போயின; பட்ட தண்டுகளில் மேலும் வண்டுகள் பிறந்தன. இதைப் படிக்கையில் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜாப் புயல் வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களையும் கடந்து சென்ற பிறகு கிடந்த கிடப்பை நான் நினைக்காமலிருக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையாகப் பேணிய மரங்கள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்புறப்படுத்த ஆளும் இல்லை, இயந்திரமும் போதவில்லை. இழந்த மரத்திற்கு அழுதுகொண்டிருக்கும் குடியானவனிடம், சாய்ந்த தண்டை உடனே அறுத்து அகற்று, இல்லையேல் நீ இனி நடும் தென்னம்பிள்ளைக்கு அதிலிருந்தே சத்துரு கிளம்புவான் என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால் நடப்பட்ட கன்றுக்குத்தான் வண்டினால் அபாயம் மிகுதி. அதன் வளர்நுனி தரைக்கு அருகே மெல்லிய காப்போடு இருக்கிறது. புயல் நிவாரணமாகக் கன்று வழங்கும்போது, விழுந்த தண்டுகளை அகற்றும் செலவையும் அதனோடு சேர்த்து வழங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஹவாயில் 2022 ஜூலை முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. மக்கிய எருவும், மரச்சீவலும், வெட்டிய தழையும், தென்னை இனக் கன்றுகளும் ஒவாஹுவிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் போவதை அது கட்டுப்படுத்தியது. எனினும் அடுத்த ஆண்டே கவாயித் தீவில் வண்டு அகப்பட்டது. குவாம் வகைக்கு ஏற்ற வைரஸ் ஆசியாவின் எந்த மூலையிலாவது இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் இப்போது அதன் பூர்விக நாடுகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும் வரை குவாமில் கைக்கொள்ளும் எளிய உபாயம் ஒன்று நம் கடற்கரைத் தோப்புகளுக்கும் உகந்ததாகத் தோன்றுகிறது. தழையும் எருவும் மட்கும் குவியலின்மேல் மீன்பிடி வலையைத் தளர்வாகப் போர்த்திவிடுகிறார்கள். முட்டையிடக் கீழே இறங்கும் வண்டும், உள்ளே வளர்ந்து மேலே எழும் வண்டும் கால்களும் கொம்பும் கண்ணியில் மாட்டிக்கொண்டு அங்கேயே மடிகின்றன. ராமநாதபுரம் முதல் நாகப்பட்டினம் வரை கிழிந்து ஒதுக்கிய வலைகளுக்குக் குறைவில்லை. எருக்குழி இல்லாத தோப்பும் அரிது. வலையின் கண்ணி வண்டின் தோளளவுக்குச் சற்றே குறைந்ததாக இருத்தல் வேண்டும், அவ்வப்போது பார்த்துச் சிக்கியவற்றை எடுத்து அழித்தல் வேண்டும். பாம்பும் ஓணானும் சிக்கினால் அவற்றை அறுத்து விடுவித்தலும் வேண்டும்.